முதுசமும் முதுமையும்: தேசவழமையிற் பெற்றோர் நிலை

யாழ்ப்பாணத்துத் தேசவழமையைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் அதனை உடைமைச் சட்டமாகவே நோக்கினர். எது முதுசம், எது சீதனம், எது தேடியதேட்டம் என்னும் வினாக்களே நீதிமன்றங்களிலும் நூல்களிலும் மிகுதியாக ஆராயப்பட்டன. ஆயின் உடைமை கைமாறும் ஒவ்வொரு கட்டத்திலும் அதனைக் கைவிட்ட பெற்றோர் எந்நிலையில் நின்றனர் என்பதற்கான சான்றுகளும் அதே ஏட்டினுள் உள்ளன. பிள்ளைகளுக்குக் கொடுக்கவும் வேண்டும். கொடுத்த பின்னர் உண்ணவும் வேண்டும். குடாநாட்டுக் குடும்பங்கள் இவ்விரண்டையும் எவ்வாறு இணைக்க முயன்றன என்பது ஆராயத்தக்கதாகும்.

தேசாதிபதி கொர்னேலிஸ் யோன் சிமொன்ஸ் விதித்த கட்டளைக்கிணங்க, யாழ்ப்பாணத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்தர் 1707 ஆம் ஆண்டில் இவ்வழமைகளைத் தொகுத்தளித்தார். தொகுப்பு தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்களின் பார்வைக்கு விடப்பட்டது. அவர்களும் அதனை ஏற்றுக்கொண்டனர். அப்பன்னிருவரும் ஆடவர், நிலமுடையோர் என்பதை மறத்தலாகாது. அடிமைகளை உடைமையோடு உடைமையாக வைத்தெண்ணிய ஏடும் இதுவே. எனவே இதிற் காணப்படும் பெற்றோர், கொடுப்பதற்கு ஏதேனும் வைத்திருந்த பெற்றோரேயாவர். கோவியர், நளவர், பள்ளர் குடிகளில் முதுமையுற்றோர் எவ்வாறு காக்கப்பட்டனர் என்பதை இதிலிருந்து அறிய முடியாது.

ஆதியில் தந்தைவழி முதுசம் ஆண்மக்களுக்கும், தாய்வழிச் சீதனம் பெண்மக்களுக்கும், இருவரும் சேர்ந்து தேடிய தேட்டம் இருபாலார்க்கும் சென்றது என்று ஏடு தொடங்குகின்றது. போர்த்துக்கேயர் காலத்தில் இவ்வொழுங்கு தளர்ந்து, மூவகை உடைமைகளிலிருந்தும் வேறுபாடின்றிச் சீதனம் கொடுக்கும் வழக்கம் ஏற்பட்டது. இம்மாற்றம் முதியோர் நிலையை நேரடியாகப் பாதித்தது எனலாம். பிற நாடுகளிற் குடும்பச் சொத்து உடையவரின் மரணத்தின்போதே பெரும்பாலும் பிரிக்கப்பட, யாழ்ப்பாணத்தில் அது பெற்றோர் உயிருடன் இருக்கையிலேயே, மகளின் மணப்பந்தலிற் பிரிக்கப்பட்டது. சீதனம் பெற்ற மகள் பெற்றோரின் எஞ்சிய ஆதனத்தில் உரிமை கோர முடியாது. கொடுக்கப்பட்ட காணியை அவள் பத்தாண்டுகளுக்குள் கையேற்காதுவிடின் உரிமை கெடும் என்ற விதியும் இருந்தது. ஆகவே சீதனத்தைப் பெயரளவிற் கொடுத்து, விளைவைத் தாமே அனுபவித்துக்கொண்டு பெற்றோர் காலங்கழிப்பதும் எளிதாயிருக்கவில்லை.

இதனாற் பெற்றோரின் பாதுகாப்பு ஆண்மக்கள்மீது சுமத்தப்பட்டது. பெற்றோர் உயிருடன் இருக்கும்வரை புதல்வர் எதனையும் உரிமையாகக் கேட்க முடியாது. மணமாகுமுன் அவர்கள் உழைத்த பொருளும், பெற்றோர் அணிவித்த பொன் வெள்ளி ஆபரணங்கள் நீங்கலாக, குடும்பப் பொது ஆதனத்திற் சேரவேண்டும். பெற்றோர் பட்ட கடனைத் தீர்ப்பதும் அவர்கள் கடமையே. ஒன்றுமே விட்டுச் செல்லப்படாதபோதும் அக்கடமை நீங்குவதில்லை. தமக்கை தங்கையரின் சீதனத்துக்காக ஈடுவைக்கப்பட்ட காணியை மீட்பதற்கே இளமை முழுவதையும் செலவிட்ட தமையன்மாரை யாழ்ப்பாணச் சமூகம் நெடுங்காலமாக அறியும். அவ்வழக்கத்தின் சட்ட வேர் இங்கே காணப்படுகின்றது.

முதுமை பற்றிய பகுதியே ஏட்டிற் கூர்ந்து நோக்கற்பாலது. தம் ஆதனங்களைப் பராமரிக்க இயலாத வயதையடைந்த பெற்றோர், தம்மைச் சீவியகாலம் முழுவதும் தாபரிக்க வேண்டுமென்ற நிபந்தனையுடன் அவற்றைப் புதல்வர்க்குப் பகிர்ந்துவிடுவதுண்டு. பெற்றுக்கொண்ட புதல்வர் நிபந்தனையை மறந்தமையும், பெற்றோர் அதிகாரிகளிடம் முறையிட நேர்ந்தமையும் தொகுப்பாளரின் கவனத்துக்குத் தப்பவில்லை. அக்காலத்திற் பிள்ளைகள் பெற்றோரைத் தெய்வமாகப் போற்றினர், இக்காலத்திலேதான் அது கெட்டது என்று மேடைகளிற் பேசுவோர் இப்பகுதியை ஒருமுறை படித்தல் நன்று.

பிள்ளைப்பேறற்றோர் நிலை இன்னும் இக்கட்டானது. அவர்களுக்கிருந்த வழிகளுள் ஒன்று, ஒரு பிள்ளையைச் சுவீகாரமாக ஏற்று மஞ்சள் நீர் குடித்தலாகும். அதற்கு உரித்தாளர் சம்மதம் வேண்டும். சம்மதிக்கும் சகோதரர் அந்நீரில் விரலைத் தோய்த்துத் தம் இசைவைக் காட்டுவர். தோய்க்காதவர் தமக்குரிய பங்கை இழப்பதில்லை. எழுத்தும் கையொப்பமும் இன்றி, ஊரறிய நடந்தேறிய உறுதி இது. முதுமையில் ஒருவரை யார் காப்பர், அவர் பொருளை யார் பெறுவர் என்னும் இரு வினாக்களுக்கும் ஒரே சடங்கில் விடை கூறப்பட்டது.

பிரித்தானியர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தாற் தேசவழமைக்கு முழு வலு அளித்தனர். ஆயின் அவர்கள் கொணர்ந்த வேறு இரு சட்டங்கள் அதன் உள்ளியல்பை மெல்ல மாற்றின. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், காணிக் கைமாற்றத்துக்கு நொத்தாரிசும் இரு சாட்சிகளும் வேண்டுமென விதித்தது. மரணசாதனமாயின் நொத்தாரிசும் இரு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசின்றி ஐந்து சாட்சிகளும் போதும். 1844 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டமோ ஒருவர் தம் ஆதனத்தை விரும்பியவர்க்கு எழுதிவைக்கும் சுதந்திரத்தை வழங்கியது. பிள்ளைக்குப் பங்கு மறுக்கும் ஆற்றல் இவ்வாறு பெற்றோர் கைக்கு வந்தது. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், உரிமையுரித்துக் கட்டளைச்சட்டம் மணமான பெண் தன் தனியாதனத்தை மரணசாதனத்தாற் கணவனின் சம்மதமின்றியே வழங்க இடமளித்தது. ஆனால் உயிருடன் இருக்கையில் அதே காணியை விற்கவோ நன்கொடையாகக் கொடுக்கவோ அவனுடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இறந்தபின் உள்ள சுதந்திரம் இருக்கும்போது இல்லை என்பது விந்தையே.

எனினும் குடாநாட்டார் மரணசாதனத்தைவிட உறுதியையே பெரிதும் நம்பினர் எனத் தோன்றுகின்றது. மணம் பேசும்போது மாப்பிள்ளை வீட்டார் கேட்பது உறுதியையன்றி வருங்கால வாக்குறுதியை அன்று. இந்நிலையிற் பெற்றோர் கைக்கொண்ட உபாயமே சீவிய உரித்து. காணியும் வீடும் மகள் பெயரில் எழுதப்படும். ஆனால் தாமிருவரும் சீவிக்கும்வரை அதில் வசிக்கவும் வருமானத்தை அனுபவிக்கவும் உரிமையைப் பெற்றோர் ஒதுக்கிக்கொள்வர். நிபந்தனையை மீறிய புதல்வர்மேல் முறையிடச் சென்ற 1707 ஆம் ஆண்டுக்கு முற்பட்ட முதியோருக்கு இல்லாத காவல், நொத்தாரிசின் ஒரு வரியிலே கிடைத்தது. அவ்வரியை விட்டுவிடுமாறு மணவீட்டில் நெருக்கப்படும் பெற்றோரும் இருந்தனர். அந்நெருக்கத்துக்கு எந்தச் சட்டமும் மருந்து கூறவில்லை.

அவ்வாறு விட்டுக்கொடுத்தோரின் குறையைத் தீர்க்கவே இலங்கைச் சட்டமன்றம் பின்னர் இருமுறை முயன்றது. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்றே கைவிடலாகாது என விதித்து, தாபரிப்புக் கோரிக்கைகளை விசாரிக்கச் சபையொன்றையும் நிறுவியது. மீளப்பெற முடியாதென எழுதப்பட்ட நன்கொடையுறுதியையும் பாரிய நன்றியீனத்தைக் காரணமாகக் காட்டி நீதிமன்றக் கட்டளையால் இரத்துச் செய்யலாம் என்பது 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் பொருள். உரோம ஒல்லாந்தச் சட்டம் முன்பே ஏற்றிருந்த கொள்கையே அது. நன்றியீனத்தை நிரூபிக்கும் பாரமோ, வழக்குக்குச் செல்லும் முதியவர்மேலேயே உள்ளது.