'நைஸ்' என்னும் சொல்லின் வரலாறு

ஆங்கிலேயர் நல்லன யாவற்றுக்கும் வழங்கும் 'நைஸ்' என்னும் சொல், 'அறியாத' எனப் பொருள்படும் 'நெஸ்கியுஸ்' என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. பிரெஞ்சு மொழி வாயிலாக ஆங்கிலம் புகுந்தபோது, அது மூடத்தனத்தையே குறித்தது. பின்னர் நுணுக்கம், துல்லியம் எனப் பொருள் மாறி, 18ஆம் நூற்றாண்டில் இனிமையைக் குறிக்கலாயிற்று. எல்லாவற்றுக்கும் பொருந்தவே, தனக்கெனப் பொருளின்றி மெலிந்தது. 1817ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 'நார்த்தாங்கர் அபே' புதினத்தில் ஜேன் ஆஸ்டின் இந்நிலையை எள்ளி நகையாடினார்.

நம் பேச்சுவழக்கிலோ அச்சொல் மீண்டும் கூர்மை பெற்றது: மாவை நைசாக அரைக்கின்றோம், கடன்பட்டவன் நைசாக நழுவுகின்றான்.

வசையாய் இருந்தபோது வாழ்ந்த சொல், பொதுப் புகழுரையானபோது நலிந்தது. 'அழகிய', 'இனிய' என நாம் எளிதில் இடும் அடைமொழிகளுக்கும் இந்நிலை நேரலாம். கவிஞர்கள் கருதுவார்களாக!