மறுகால் பாயும் முன்னே

1986 அக்டோபர்ல இணையத்துக்கு மூச்சுத் திணறிச்சு. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவுல தூரம் 400 கெஜம்தான். வேகமோ நொடிக்கு 32,000 பிட்டுலேர்ந்து 40க்கு விழுந்துச்சு. 1988ல வான் ஜேக்கப்சன் வைத்தியம் சொன்னார்: பாக்கெட் தொலைஞ்சா நெரிசல்னு அர்த்தம், அனுப்புறதைக் குறை. எங்க குமாரலிங்கபுரம் பக்கம் சொல்றாப்ல சொன்னா, மறுகால் பாஞ்சப்புறம்தான் கண்மாய் நிறைஞ்சதே தெரியும்.

அதே மாநாட்டுல, பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி.ல படிச்ச கே.கே.ராமகிருஷ்ணனும் ராஜ் ஜெயினும் வேற வழி சொன்னாங்க. வரிசை நீளும்போதே ரௌட்டர் பாக்கெட்டுல ஒரேயொரு பிட்டை அடையாளமா வைக்கட்டும். அது அனுப்பினவருக்குத் திரும்பிப் போகட்டும். எதையும் தொலைக்க வேணாம்!

ரௌட்டரை மாத்தத் தேவையில்லாத ஜேக்கப்சன் வழிதான் முதல்ல பரவிச்சு. முன்கூட்டியே சொல்ற பிட்டு இணையத் தரமானது 2001ல. அப்பவும் சில ஃபயர்வால்கள் அதைப் பார்த்ததும் இணைப்பையே மறுத்துச்சு. தொலைச்சுத் தெரிஞ்சுக்கிறது சுலபம் மக்களே. முன்னாடியே சொல்றவனை நம்பத்தான் நாளாகுது.