எண்பது பவுன்

பவுன் என்ற சொல்லைக் கேட்டவுடன் நமக்கு நகைக்கடையும் கல்யாணப் பேச்சும்தான் ஞாபகம் வருகின்றன. பெண்ணுக்கு எத்தனை பவுன் போடுவீர்கள் என்று கேட்கிறவர், தாம் இங்கிலாந்து தேசத்து நாணயத்தைக் கேட்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் விஷயம் அதுதான். சவரன் என்ற ஆங்கிலேயத் தங்கக் காசின் எடை ஏறக்குறைய 8 கிராம். அதன் மதிப்பு அந்த நாட்டுக் கணக்கில் ஒரு பவுன். காசு கடைவீதிப் புழக்கத்தை விட்டுப் போய்விட்டது. எடை மட்டும் நம் வீட்டுப் பெட்டிகளில் தங்கிவிட்டது.

நான் சொல்ல வந்தது வருஷத்துக்கு 80 பவுன் சம்பாதித்த ஒரு பையனின் கதை. அவனுக்கு வயது 17. பள்ளிக்கூட மாணவன். 1889 டிசம்பரில் ஒரு பரீட்சை எழுதி அதைச் சம்பாதித்தான். எழுதியது எந்த ஊரிலும் யாரும் பேசாத இரண்டு பாஷைகளில்.

கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலைகளில் ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனி மடம் மாதிரி. தனிச் சொத்து, தனி நிலபுலம், தனிக் கோயில், தனிச் சாப்பாட்டு மண்டபம். பழைய காலத்து ராஜாக்களும் பிஷப்புகளும், ஏழைப் பிள்ளைகள் படிக்கட்டும் என்று நிலம் எழுதி வைத்தார்கள். நம் ஊர்த் தர்மகர்த்தாக்கள் செய்கிற காரியத்தை அங்கேயும் செய்தார்கள்: என் வம்சத்துப் பிள்ளைக்கு முதலில், என் ஜில்லாக்காரனுக்கு அடுத்தபடி, இன்ன பள்ளிக்கூடத்துப் பையனுக்கு மட்டும் என்று நிபந்தனைகள் விதித்தார்கள். கேம்பிரிட்ஜில் கிங்ஸ் காலேஜ் என்று ஒன்று. ஆறாம் ஹென்றி மன்னன் 1441இல் ஸ்தாபித்தது. அவனே ஏற்படுத்திய ஈட்டன் பள்ளியிலிருந்து வருகிற பிள்ளைகளைத் தவிர வேறு யாருக்கும் அதில் இடமில்லை. நானூறு வருஷங்களுக்கு மேல் இப்படியே நடந்தது. 1850களில் பார்லிமெண்ட் தலையிட்டுச் சட்டம் போட்ட பிறகுதான் இந்தக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கிங்ஸ் காலேஜின் கதவு திறந்தது 1860களில். இனிமேல் வம்சம் வேண்டாம், ஊர் வேண்டாம், யார் கெட்டிக்காரனோ அவனுக்குப் பணம் என்று போட்டிப் பரீட்சை வைத்தார்கள்.

நியாயமான ஏற்பாடுதான். ஆனால் எதில் கெட்டிக்காரன்? கணக்குக்கும் பிற்பாடு விஞ்ஞானத்துக்கும் சில ஸ்காலர்ஷிப்புகள் உண்டு. பெரும் பங்கு கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும். பத்து வருஷம் அந்தப் பாஷைகளைக் கரைத்துப் புகட்டிய பள்ளிக்கூடத்தில் படித்தவனுக்குத்தான் அந்தப் பரீட்சை மண்டபத்தில் வேலை. கிராமத்துக் கொல்லன் மகன் எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும், கிரேக்க எழுத்தையே அவன் பார்த்திருக்க மாட்டான். ஏழைக்கு என்று எழுதி வைத்த பணம், நிபந்தனைகளை நீக்கிய பிறகு, நன்றாகப் பழக்கப்பட்டவனிடம் போய்ச் சேர்ந்தது. பெண்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கிங்ஸ் காலேஜ் மாணவிகளைச் சேர்த்துக் கொண்டது 1972இல்.

பரீட்சை எப்படி இருக்கும் என்று சொன்னால்தான் அதன் கடினம் விளங்கும். அது கேள்வி-பதில் பரீட்சை அல்ல. முன்பின் பார்த்திராத கிரேக்க, லத்தீன் பகுதிகளைக் கொடுத்து, இங்கிலீஷில் பெயர்த்து எழுது என்பார்கள். அது சுலபமான பாதி. ஓர் ஆங்கில ஆசிரியரின் உரைநடையைக் கொடுத்து, இதை ஸிஸரோ எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பானோ அப்படி லத்தீனில் எழுது, பிளேட்டோவைப் போலக் கிரேக்கத்தில் எழுது என்பார்கள். அதற்கும் மேல், ஓர் ஆங்கிலக் கவிதையைக் கொடுத்து, லத்தீன் செய்யுளாக்கு, கிரேக்க நாடகச் செய்யுளாக்கு என்பார்கள். மண்டபத்தில் அகராதி கிடையாது.

நமக்கு இது புரியாத விஷயம் அல்ல. ஈற்றடியைக் கொடுத்து வெண்பா பாடச் சொன்ன நாடு இது. அந்தப் பாஷைகளின் யாப்பும் நம்முடையதைப் போலவே குறில் நெடில் பார்த்துக் கட்டுவது. இங்கிலீஷ் கவிதையைப் போல அழுத்தத்தை நம்பி நடப்பதல்ல. லத்தீனில் பையன்கள் அதிகம் எழுதிய செய்யுள் இரண்டடியாக வரும். முதலடியில் ஆறு சீர், இரண்டாம் அடியில் ஐந்து. நம் குறள் வெண்பாவில் நான்கும் மூன்றும். ஒரு சீர் குறைந்து இரண்டாம் அடி சட்டென்று முடிவதில் இருக்கிற அழகு இரண்டு இடத்திலும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றும். பையன்களுக்கு உதவியாக நிகண்டு மாதிரி ஒரு புத்தகம் உண்டு. எந்தச் சொல்லுக்கு எது குறில் எது நெடில், அதற்குப் பதிலாக வேறு என்ன சொல் போடலாம், என்ன அடைமொழி சேர்க்கலாம் என்று அதில் வரிசையாக இருக்கும். அதை மனத்தில் ஏற்றிக் கொண்டுதான் மண்டபத்துக்குள் போவார்கள்.

இப்படிப் பையன்களை ஏற்றி அனுப்புவதில் மன்னன் ஒருவர் இருந்தார். பிரடெரிக் வாக்கர் என்று பெயர். முதலில் மான்செஸ்டர் கிராமர் பள்ளியில் தலைமையாசிரியர். 1877 முதல் லண்டன் ஸெயின்ட் பால்ஸ் பள்ளியில். அந்தப் பள்ளி 1509இல் ஜான் கோலெட் என்ற பாதிரியார் தொடங்கியது. சம்பளமில்லாமல் படிக்கும் மாணவர் 153 பேர் என்பது அவர் வைத்த கணக்கு. பைபிளில் ஏசுநாதர் அருளால் வலையில் விழுந்த மீன்களின் எண்ணிக்கை அது. வாக்கரும் வலை வீசுகிறவர்தாம். எந்தப் பையனிடம் சரக்கு இருக்கிறது என்று மோப்பம் பிடித்து, வகுப்பு விட்டு வகுப்பு தாவ வைத்து, வேறு பாடங்களை ஓரங்கட்டி, கிரேக்கமும் லத்தீனுமாகப் போட்டு உருட்டுவார். வருஷா வருஷம் கேம்பிரிட்ஜும் ஆக்ஸ்போர்டும் கொடுக்கிற ஸ்காலர்ஷிப்புகளைக் கூடை கூடையாக வாரிக் கொண்டு வந்தார். இந்தக் காலத்து நுழைவுத் தேர்வுப் பயிற்சி நிலையங்களைப் பார்க்கும்போது எனக்கு அவர் ஞாபகம் வருகிறது. பிள்ளைகளின் அந்தஸ்து எப்படி என்று ஒரு சீமாட்டி விசாரித்தாளாம். உன் பையன் ஒழுங்காக நடந்து, சம்பளமும் ஒழுங்காக வந்தால், அவனுடைய அந்தஸ்தைப் பற்றி இங்கே யாரும் கேட்க மாட்டார்கள் என்று பதில் சொல்லி அனுப்பினாராம். முரட்டு மனிதர், ஆனால் எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது.

இவருடைய வலையில் பிற்பாடு விழுந்த ஒருவரைப் பற்றி இரண்டு வார்த்தை. லெனார்ட் வுல்ஃப். தகப்பனார் 1892இல் இறந்து, ஒன்பது குழந்தைகளோடு குடும்பம் நொடித்துப் போன வீடு. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி காலேஜுக்கு 1899இல் ஸ்காலர்ஷிப் வாங்கிக் கொண்டு போனார். 1904இல் இலங்கைக்குக் கப்பலேறி யாழ்ப்பாணக் கச்சேரியில் உத்தியோகம் பார்த்தார். வர்ஜீனியா வுல்ஃபின் கணவர் என்றால் கதை படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

இனி நம் பையன். பள்ளிப் பதிவில் அவன் பெயர் அரவிந்த அக்ராய்டு கோஷ். அக்ராய்டு என்ற வெள்ளைக்காரப் பெயரைச் செருகியவர் தகப்பனார் டாக்டர் கிருஷ்ணதன் கோஷ், வங்காளத்து ஸிவில் ஸர்ஜன். பிள்ளைகளுக்கு இந்திய வாடையே படக் கூடாது என்று தீர்மானம் செய்து, 1879இல் மூன்று பேரை மான்செஸ்டரில் ஒரு பாதிரியார் வீட்டில் விட்டுவிட்டு வந்தார். அரவிந்தனுக்கு அப்போது ஏழு வயது. பாதிரியார் ட்ரூவெட் நல்ல லத்தீன் பண்டிதர். அவரே வீட்டில் சொல்லிக் கொடுத்தார். 1884இல் பையன் ஸெயின்ட் பால்ஸில் சேர்ந்தபோது வாக்கர் லத்தீன் அடித்தளத்தைப் பார்த்தார், கிரேக்கத்தைத் தாமே பிடித்துக் கொண்டு ஏற்றினார், மேல் வகுப்புகளுக்குத் தள்ளினார்.

டாக்டர் கோஷ் தாராள மனிதர். ஊரில் ஏழைகளுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தார். லண்டனிலிருந்த சொந்தப் பிள்ளைகளுக்குப் பணம் அனுப்புவது மட்டும் வர வரக் குறைந்தது. தென் கென்ஸிங்டனில் ஒரு லிபரல் கட்சி கிளப்பின் மாடியில் பிள்ளைகள் குடியிருந்தார்கள். மூத்தவர் வினயபூஷண் அந்தக் கிளப்பின் காரியதரிசிக்கு உதவியாள். சம்பளம் வாரத்துக்கு 5 ஷில்லிங். காலையில் ஒன்றிரண்டு துண்டு ரொட்டியும் வெண்ணெயும் தேநீரும். சாயங்காலம் ஒரு பென்னி விலைக்கு விற்கும் மலிவான இறைச்சித் துண்டு. ஒரு வருஷ காலம் சாப்பாடு இவ்வளவுதான். லண்டன் பனிக்காலத்தில் அறையில் நெருப்பில்லை, மேலே போட்டுக் கொள்ளக் கோட்டில்லை.

இந்த வயிற்றோடு அவன் படித்தது என்ன என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. கடைசி வருஷங்களில் பள்ளிப் பாடத்தை அநேகமாகத் தொடவில்லை. இங்கிலீஷ் கவிதை, பிரெஞ்சு இலக்கியம், ஐரோப்பிய சரித்திரம், இத்தாலிய பாஷை என்று தன் இஷ்டத்துக்கு மேய்ந்து கொண்டிருந்தான். இவ்வளவு புத்தியை வைத்துக் கொண்டு சோம்பேறித்தனத்தால் வீணடிக்கிறானே என்று வாத்தியார்கள் வருந்தினார்கள். பசித்த பையனைப் பார்த்துச் சோம்பேறி என்று சொல்வது எல்லா நாட்டு வாத்தியார்களுக்கும் வழக்கம் போலிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 5 ஷில்லிங் என்றால், 20 ஷில்லிங் ஒரு பவுன் வீதம், வருஷத்துக்கு 13 பவுன். அண்ணன் நாள்தோறும் உழைத்துச் சம்பாதித்ததைப் போல ஆறு பங்குக்கு மேல் 80 பவுன். இதற்கு நாம் சொல்கிற பெயர் உபகாரச் சம்பளம். அந்த மாடி அறையிலிருந்து பார்த்தால் அதில் உபகாரம் எங்கே இருக்கிறது? முழுக்க முழுக்கச் சம்பளம்தான்.

டிசம்பரில் கிங்ஸ் காலேஜ் பரீட்சை நடந்தது. ஸ்காலர்ஷிப் அவனுக்குக் கிடைத்தது. விடைத்தாள்களைப் பார்த்தவர்களில் ஒருவர் ஆஸ்கர் பிரௌனிங், கேம்பிரிட்ஜ் முழுவதும் பெயர் தெரிந்த மனிதர். பையன் காலேஜில் சேர்ந்த பிறகு ஒரு நாள் அவனைச் சந்தித்து, பதின்மூன்று பரீட்சைகளுக்குத் தாள் திருத்தியிருப்பதாகவும், இவ்வளவு சிறந்த தாள்களைப் பார்த்ததில்லை என்றும், ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் ஒப்பிட்டு எழுதிய கட்டுரை அற்புதம் என்றும் சொன்னார். எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டார். பதிலைக் கேட்டதும், அந்தப் பொந்திலா என்று காலேஜையே திட்டினார். இதையெல்லாம் பையன் தகப்பனாருக்குக் கடிதம் எழுதினான். தகப்பனார் அதைப் பெருமையோடு மைத்துனருக்கு எழுதினார். பணம் அனுப்பாதவரானாலும் தகப்பனார் தகப்பனார்தானே!

தகப்பனாரின் கண் கேம்பிரிட்ஜில் இல்லை, ஐ.ஸி.எஸ்.ஸில் இருந்தது. அதற்கும் வழி இதே பாஷைகள்தாம். மெக்காலே கமிட்டி 1854இல் போட்ட திட்டப்படி, 1855இல் நடந்த முதல் போட்டியில் கிரேக்கத்துக்கு 750 மார்க்கு, லத்தீனுக்கு 750. இந்தியாவை ஆளப் போகிறவனுக்கு சம்ஸ்கிருதத்துக்கு 375, அரபிக்கு 375! தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. அரவிந்தன் காலத்தில் 19 வயதுக்கு மேற்பட்டவர் எழுதக் கூடாது என்று விதி. ஆகவே அதுவும் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகளின் போட்டிதான். 1890இல் எழுதினான். 11ஆவது இடம் கிடைத்தது, கிரேக்கத்தில் முதல். கிரேக்கத்தில் இரண்டாவதாக வந்த பையன் பெயர் பீச்கிராஃப்ட்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 1892இல் கேம்பிரிட்ஜில் கிரேக்க லத்தீன் பரீட்சையில் முதல் வகுப்பு. அதே வருஷம் ஐ.ஸி.எஸ்.ஸின் கடைசிப் படியான குதிரைச் சவாரிப் பரீட்சைக்குப் போகாமல் டபாய்த்துவிட்டு வேலையை உதறினார். 1893இல் பரோடாவுக்கு வந்து சேர்ந்தார். அப்புறம் வங்காளம், வெடிகுண்டு வழக்கு, அலிப்பூர் சிறை. 1909 மே மாதம் அந்த வழக்கில் தீர்ப்புச் சொன்ன ஸெஷன்ஸ் ஜட்ஜ், கிரேக்கத்தில் இரண்டாவதாக வந்த அதே பீச்கிராஃப்ட். அரவிந்தருக்கு விடுதலை. நான் கதை எழுதும்போது இப்படி ஒரு சம்பவத்தை வைத்தால், இவ்வளவு பொருத்தமாகவா நடக்கும் என்று பத்திரிகாசிரியர் அடித்துவிடுவார்.

அந்தப் பரீட்சைகளின் காலம் மெள்ள முடிந்தது. கேம்பிரிட்ஜில் சேரக் கிரேக்கம் கட்டாயம் என்ற விதி 1919இல் போயிற்று, ஆக்ஸ்போர்டில் 1920இல். லத்தீன் கட்டாயம் 1960 வரை தாக்குப் பிடித்தது. கல்லூரிகள் ஸ்காலர்ஷிப்புக்கென்று தனியாக நடத்திய டிசம்பர்ப் பரீட்சைகள் 1980களில் நின்றன. கிரேக்கக் கவிதை எழுதி வருஷச் சாப்பாட்டைச் சம்பாதிக்கிற பையன் இனி வர மாட்டான்.

அரவிந்தர் 1910 ஏப்ரலில் புதுச்சேரிக்கு வந்தார். பாரதியார் அங்கே இருந்தார். வ.வே.ஸு. ஐயரும் பிற்பாடு வந்து சேர்ந்தார். சாயங்காலங்களில் பேச்சு நடக்கும். தமிழ் படிக்கத் தொடங்கியபோது, சம்ஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் நடுவே அறுந்து போன உறவுகள் தமக்குத் தமிழ்ச் சொற்களின் வழியாகத் தெரிந்தன என்று எழுதினார். மொழிநூல்காரர்கள் இதை ஒப்புக் கொள்வதில்லை. வாக்கரின் மாணவன் புதுச்சேரியில் உட்கார்ந்து லத்தீனையும் தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான் என்பதே எனக்குப் போதும்.

அலிப்பூரில் தொடங்கிப் புதுச்சேரியில் வளர்த்த ஒரு நீண்ட காவியமும் உண்டு. 'இலியன்' என்று பெயர். டிராய் நகரம் விழுந்த கதை. எழுதியது இங்கிலீஷில், ஆனால் யாப்பு ஹோமருடையது: அடிக்கு ஆறு சீர், குறில் நெடில் பார்த்து. வருஷக்கணக்கில் அதைத் திருத்திக் கொண்டிருந்தார். முழுதும் முடியவில்லை. அவர் 1950 டிசம்பரில் காலமானார். காவியம் 1957இல் புத்தகமாக வந்தது.