கம்பியின் நீட்சியும் மின்தடையும்

உலோகக் கம்பி ஒன்றை இழுத்தால், மின்சாரம் கடக்கவேண்டிய வழி நீள்வதோடு அவ்வழியின் பருமனும் குறைவதால், அதன் மின்தடை மிகுகிறது. கன அளவு மாறாதபடி கம்பியை இரட்டிப்பு நீளத்துக்கு இழுத்துவிடின் குறுக்குப் பரப்புப் பாதியாகித் தடை நான்கு மடங்காகும் என்பது பள்ளி மாணாக்கரும் அறிந்த கணக்கு. ஆயின் விசை நீங்கியதும் பூர்வ நிலைக்கு மீளும் அற்ப நீட்சியில் நிகழும் மாறுதலே சரித்திரத்தில் பெரும் பயன் விளைத்தது.

தடைகளை ஒப்பிடும் சமனச்சுற்றை 1843-இல் விவரித்த வீட்ஸ்டன், கம்பியின் இழுவிறைப்பு அதன் தடையை மாற்றுவதை அப்போதே குறிப்பிட்டார். பின்னர் கெல்வின் பிரபு எனப் பெயர்பெற்ற கிளாஸ்கோப் பேராசிரியர் வில்லியம் தாம்சன், 1856-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் வாசித்த பேக்கர் சொற்பொழிவில், செம்பு, இரும்பு ஆகிய இரண்டின் தடையும் இழுவையால் மிகுவதையும், இரும்பில் அம்மாறுதல் அதிகமாயிருப்பதையும் நிரூபித்தார். நீட்சி ஒன்றாயிருக்கப் பலன் வேறுபடுவதால், வடிவம் மட்டுமன்றிப் பதார்த்தத்தின் சுபாவமும் மாறுகிறதென்பது இதனால் தெளிவாயிற்று. வடிவ மாறுதலை மட்டும் கருதினால், நீட்சி விகிதத்தைப்போல் ஏறத்தாழ 1.6 மடங்கே தடை மிகவேண்டும். கான்ஸ்டன்டன் என்னும் உலோகக் கலவைக் கம்பியிலோ அது சுமார் 2 மடங்காகிறது.

இத்தனை அறிந்தும் எண்பது ஆண்டுகள் இவ்வுண்மை பெரும்பாலும் ஆய்வுக்கூடத்துள்ளேயே தங்கிற்று. கம்பியை ஒரு பொருளின் மேல் முழுவதுமாக ஒட்டிவிட்டால் பொருளின் நீட்சியே கம்பியின் நீட்சியாகும் என்ற எளிய யுக்தி, 1930-களின் பிற்பகுதியில் கலிபோர்னியத் தொழில்நுட்ப நிலையத்துச் சிம்மன்ஸுக்கும், மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்து ஆர்தர் ரூகேவுக்கும் தனித்தனியே தோன்றியது. பூகம்பம் நீர்த்தொட்டிகளைத் தாக்கும் விதத்தைச் சிறு மாதிரியில் ஆராய்ந்த ரூகே, தொட்டியின் மெல்லிய சுவரில் பொருத்தத் தக்க கருவி யாதும் கிடையாமையால், மயிரிழை போன்ற கம்பியை மெல்லிய தாளில் வளைத்தொட்டி, நீட்சியை அளக்கும் திரிபுமானியை ஆக்கினார். அதற்கு வணிக மதிப்பு அதிகமிராதெனக் கருதிய அவரது நிலையம் காப்புரிமையை அவருக்கே விட்டுக்கொடுத்தது. சில ஆண்டுகளுக்குள் யுத்தகால விமானங்களின் இறக்கைகளெங்கும் அக்கம்பிகள் ஒட்டப்பட்டன.

1954-இல் பெல் ஆய்வுக்கூடத்து ஸ்மித், சிலிக்கான், ஜெர்மானியம் ஆகியவற்றில் இழுவையால் தடை மாறும் இவ்விளைவு உலோகங்களினும் பன்மடங்கு பெரிதென்று வெளியிட்டார்.

உலோக மானியிலோ தடையின் மாறுதல் மிக நுண்ணியது. ஒரு மீட்டர் எஃகு ஒரு மில்லிமீட்டர் நீண்டால், அதில் ஒட்டிய 120 ஓம் கம்பியின் தடை 0.24 ஓம் மட்டுமே கூடும். வெப்பம் சிறிது மாறினும் பிழை நேரும். ஆகையால் இன்றைய மின்னணுத் தராசின் தட்டுக்கடியில் நான்கு மானிகளை வீட்ஸ்டனின் அதே சமனச்சுற்றாக இணைத்து, வெப்பத்தின் பலன்கள் ஒன்றையொன்று ஈடுசெய்யுமாறு அமைக்கிறார்கள்.