எழுத்தெண்ணியவர்கள்

ஆழக் கற்றவரை 'எழுத்தெண்ணிப் படித்தவர்' என்று பாராட்டுவது நம் வழக்கு. அவர் ஏட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எழுத்துகளைக் கணக்கிட்டார் என்று எவரும் பொருள் கொள்வதில்லை. ஆங்கில மொழியின் வரலாற்றிலோ மெய்யாகவே எழுத்தை எண்ணியவர்கள் சிலர் உண்டு. கைக்கு வந்த சில எழுத்துகளைக் கொண்டு என்னென்ன சொல் ஆக்கலாம் என்று இன்று உலகெங்கும் ஆடப்படும் ஆட்டம், அவர்களுள் ஒருவர் வேலையிழந்து வீட்டிலிருந்த நாள்களில் பிறந்ததாகும்.

ஒரு மொழியில் எல்லா எழுத்தும் ஒரே அளவில் பயில்வதில்லை. இவ்வுண்மையை 9-ஆம் நூற்றாண்டிலேயே பாக்தாத் நகரத்து அறிஞர் அல்-கிந்தி எழுதி வைத்தார். மறைகுறியில் வரைந்த மடல்களை உடைத்துப் படிப்பது அவர் நோக்கம். பன்னெடுங்காலத்திற்குப் பின், 1830-களின் இறுதியில், தந்திக் குறியீட்டை வகுக்க முனைந்த சாமுவேல் மோர்சுக்கும் அவர்தம் துணைவர் ஆல்பிரட் வெயிலுக்கும் அதே கணக்கு தேவைப்பட்டது. நூல்களைப் புரட்டி எண்ணுவானேன்? அச்சுக்கோப்பவரின் பெட்டியறைகளைப் பார்த்தாலே போதுமே! அச்சுக்கூடத்து மணம் அறிந்த நம் எழுத்தாளர்களுக்கு இந்த யோசனையின் அருமை நன்கு விளங்கும். 'ஈ' என்னும் எழுத்துக்கு 12,000 அச்சு இருந்தால் 'டீ' எழுத்துக்கு 9,000. 'இசட்' எழுத்துக்கு வெறும் 200. ஆகவேதான் தந்தியில் 'ஈ'-க்கு ஒரே ஒரு புள்ளியும் 'டீ'-க்கு ஒரே ஒரு கோடும் வாய்த்தன.

1843-இல் எட்கர் ஆலன் போ எழுதிய 'தங்க வண்டு' என்னும் சிறுகதையில் புதையலைக் காட்டும் மறைகுறி இவ்வாறே உடைக்கப்படுகிறது. கதையில் போ தரும் எழுத்து வரிசை பிழையானது. உண்மையில் இரண்டாம் இடத்திற்குரிய 'டீ' எழுத்தை அவர் பத்தாம் இடத்தில் வைத்துவிட்டார். ஆயினும் அக்கதைதான் ஆல்பிரட் மோஷர் பட்ஸ் என்பவரின் சிந்தனையைத் தூண்டியது.

பட்ஸ் 1899-இல் நியூயார்க் மாநிலத்தின் பொகிப்சி நகரில் பிறந்தவர், கட்டட வரைவாளர். 1931-இல், பொருளாதார மந்தத்தின் கொடுமையில், வேலையை இழந்தார். கட்டடம் எழுப்ப ஆளில்லாத காலத்தில் கட்டட வரைவாளர் என்ன செய்வார்? நாளேட்டின் முதற்பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு எழுத்துகளை ஒவ்வொன்றாகக் குறித்து எண்ணத் தொடங்கினார். குறுக்கெழுத்துப் போட்டி 1913-இலேயே நியூயார்க் இதழொன்றில் தோன்றி, இருபதுகளில் நாடெங்கும் பரவியிருந்தது. எழுத்துகளை மாற்றி அடுக்கிச் சொல் காணும் பழைய விளையாட்டோடு அதனை இணைத்தால் திறமைக்கும் இடமிருக்கும், நற்பேற்றுக்கும் இடமிருக்கும் என்று அவர் கருதினார்.

1938-இல் அவ்வாட்டம் முழு வடிவம் பெற்றது. பக்கத்திற்கு 15 கட்டமாக ஒரு பலகை. நூறு எழுத்துக் கட்டைகள். ஒருவர் கையில் ஏழு. அவற்றுள் 'ஈ' 12. 'கியூ', 'இசட்' ஒவ்வொன்றே, அவற்றுக்குப் பத்துப் புள்ளி. நான் பெரிதும் வியப்பது 'எஸ்' எழுத்தில் அவர் செய்த சிக்கனத்தையே. ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் அவ்வெழுத்துக்கு நான்கே கட்டைகள் தந்தார். தாராளமாகத் தந்திருந்தால் எவரும் எந்தப் பெயர்ச்சொல்லின் வாலிலும் அதனை ஒட்டிப் பன்மையாக்கிப் புள்ளிகளை அள்ளியிருப்பர். எண்ணிக்கையை அறிந்ததோடு, எண்ணிக்கையை எங்கே மீற வேண்டும் என்பதையும் அறிந்தவர் அவர். பலகையைத் தம் வரைகருவிகளால் தாமே வரைந்தார். எழுத்துகளையும் தாமே எழுதி மெல்லிய மரத்துண்டுகளில் ஒட்டினார்.

பார்க்கர் பிரதர்ஸ், மில்டன் பிராட்லி முதலிய பெருநிறுவனங்கள் அதை ஏற்க மறுத்தன. பத்தாண்டுகள் கழித்து, 1948-இல், ஜேம்ஸ் புரூனோ என்பவர் உரிமை பெற்று 'ஸ்கிராபிள்' என்று பெயரிட்டார். 1949-இல் அவர் செய்து விற்றவை 2,400 பெட்டிகள். கண்ட பயன் 450 வெள்ளி நட்டம். 1952-க்குப் பின்னரே விற்பனை பொங்கியது. ஒவ்வொரு பெட்டிக்கும் சில காசுகள் உரிமைத்தொகையாகப் பெற்றுவந்த பட்ஸ், 1993-இல் தம் 93-ஆம் வயதில் மறைந்தார்.

எழுத்து கையில் இருக்கிறது. சொல்லைத் தேடுவது எப்படி? அகராதி முதலெழுத்தை அறிந்தவருக்கே வழிகாட்டும். 1775-இல் ஜான் வாக்கர் என்பார், சொல்லின் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி வரிசைப்படுத்தி ஓர் அகராதி வெளியிட்டார். நம்மவர்க்கு இத்தகைய முயற்சி புதிதன்று. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டு, ஒருசொற் பல்பொருள் தொகுதியை இரண்டாம் எழுத்தாகிய எதுகையின் வரிசையில் அமைத்துள்ளது. எனினும் கலைந்து கிடக்கும் ஏழெழுத்துக்கு இவ்விரண்டும் உதவா. வேறு வேறான ஏழு எழுத்துகளை 5,040 வகையில் மாற்றி அடுக்கலாம். அத்தனையையும் அகராதியில் தேடி முடிவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

கணினி அறிஞர்கள் கையாளும் வழி மிக எளியது. ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசையில் அடுக்கி, அவ்வடுக்கையே அச்சொல்லின் முகவரியாகக் கொள்வர். 'கேள்' எனப் பொருள்படும் 'லிசன்', அமைதியைக் குறிக்கும் 'சைலண்ட்', படையிற் சேர்தலைக் குறிக்கும் 'என்லிஸ்ட்' ஆகிய மூன்றும் ஒலியால் வேறு, பொருளால் வேறு. எழுத்துகளை அடுக்கிப் பார்த்தால் மூன்றும் ஈ, ஐ, எல், என், எஸ், டீ என்ற ஒரே முகவரியில் வந்து நிற்கும். பட்டியலை ஒருமுறை இவ்வாறு ஒழுங்குசெய்துவிட்டால் 5,040 தேடல் ஒரே தேடலாகிவிடும். போட்டியாளரும் இம்முறையிலேயே சொற்களை மனனம் செய்கின்றனர்.

ஆனால் எது சொல்? இவ்வழக்கைத் தீர்க்க அமெரிக்காவில் 1978-இல் ஆட்டத்திற்கென்றே ஓர் அகராதி வந்தது. இன்று பன்னாட்டுப் போட்டிகளில் வழங்கும் பட்டியலில் 270,000-க்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. சீனர் கூறும் உயிராற்றலாகிய 'ச்சீ' என்பதும் அவற்றுள் ஒன்று. ஆங்கிலத்தில் 'கியூ', 'ஐ' என்னும் இரண்டே எழுத்துகளால் ஆகும் அச்சொல், பத்துப் புள்ளிக் கட்டையை வைத்துக்கொண்டு திண்டாடுவோர்க்கு ஒரு வரப்பிரசாதம்.

நம் வட்டாரமும் இக்கதையில் இடம்பெற்றுள்ளது. உலகப் போட்டி 2003-இல் கோலாலம்பூரிலும் 2009-இல் ஜொகூர் பாருவிலும் நடந்தது. 2007-இல் மும்பையில் நடந்த போட்டியில் மலேசியரான கணேஷ் ஆசீர்வாதம் இறுதிச்சுற்று வரை சென்று இரண்டாம் இடம் பெற்றார். அவரை வென்ற நைஜல் ரிச்சர்ட்ஸ் நியூசிலாந்தில் பிறந்து மலேசியாவில் குடியேறியவர். அவர் 2015-இல் பிரெஞ்சு மொழிப் போட்டியில் கலந்துகொண்டார். ஏறத்தாழ ஒன்பது வாரங்கள் பிரெஞ்சுச் சொற்பட்டியலை மட்டும் மனத்தில் ஏற்றியிருந்தார். பிரெஞ்சு பேச அறியார். அம்மொழியையே தாய்மொழியாகக் கொண்டவர்களை வென்று வாகை சூடினார். பரிசு பெற்றபின் அவையோருக்கு அவர் நன்றி சொன்னது மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் வாயிலாகத்தான்.