சிறைப்பணியும் உழைப்பும்: தூரின் நகர அனுபவம்

கத்தோலிக்கத் திருச்சபையின் சிறைப்பணியை வெறும் ஈகைச் செயலாகக் கொள்வது வரலாற்று நோக்காகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வட இத்தாலியின் தூரின் நகரில் நிகழ்ந்தவை இதனைத் தெளிவுறுத்துகின்றன.

யோசேப் கபாசோ அடிகளார் (1811–1860) அந்நகரச் சிறைகளிற் பணியாற்றியவர். மரணதண்டனை பெற்றோருடன் தூக்குமேடைவரை சென்றவர். 1947இல் அவர் புனிதராக்கப்பட்டார். தண்டிக்கப்பட்டவனும் மனிதனே என்பதை அவரது பணி உணர்த்தியது. ஆயின், அவனைத் தூக்குமேடைக்குக் கொணர்ந்த சமூக அமைப்பை அது வினாவுக்குட்படுத்தவில்லை.

1841இல் குருவான தொன் பொஸ்கோ, கபாசோவின் வழிகாட்டலிற் சிறைகளுக்குச் சென்றார். அங்கு அவர் கண்டோருள் இளைஞர் பலர். விடுதலையானபின் ஆதரவின்றி மீண்டும் சிறைபுகுந்தோரும் இருந்தனர். நாட்டுப்புறத்திலிருந்து வேலைதேடி நகருக்கு வந்த சிறுவர்களும் அதே நிலைக்குத் தள்ளப்படக்கூடியவராயிருந்தனர். எனவே அவரது பணி சிறைவாயிலைக் கடந்து தொழிற்பட்டறையை நாடியது. 1852இல் அவர் முன்னின்று செய்வித்த தச்சுத்தொழில் ஒப்பந்தமொன்று, பயிலுநனை முதலாளி சொல்லாலன்றி வேறெவ்வகையாலும் திருத்தலாகாதென்றும், திருநாட்களில் அவனுக்கு முழு ஓய்வளிக்க வேண்டுமென்றும் விதித்தது.

இவ்வொப்பந்தங்கள் வர்க்க முரண்பாட்டைத் தீர்க்கவில்லை. தனியொரு சிறுவனுக்கே காப்பளித்தன. எனினும், குற்றத்தின் வேர் உழைப்பு நிலைமைகளிலே தேடப்பட்டமை மனங்கொளத்தக்கது. மதம் ஆறுதல் மட்டுமே தருமென்னும் எளிய சூத்திரம் இவ்வரலாற்றை விளக்கப் போதாது.