கூட்டணிக் கப்பல்களும் குலைந்த நம்பிக்கையும்

இந்திய, அமெரிக்கக் கடற்படைகள் 1992ஆம் ஆண்டு முதன்முதலாக இணைந்து நடத்திய பயிற்சிக்கு ‘மலபார்’ என்று பெயரிட்டனர். அணுகுண்டுச் சோதனையை அடுத்து 1998இல் தடைப்பட்ட அப்பயிற்சி 2002இல் மீண்டும் தொடங்கியது. 2015இல் ஜப்பான் அதன் நிலையான உறுப்பாயிற்று. 2020இல் ஆஸ்திரேலியாவும் கலந்துகொண்டது. பெயர் பழமையானது. இந்தியாவின் மேற்குக் கரையில் பன்னாட்டுக் கப்பல்கள் ஒரே நோக்கத்துடன் அணிவகுத்தது இதுவே முதன்முறையன்று. ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே அது நிகழ்ந்தது; தோல்வியிலும் முடிந்தது. அத்தோல்வியின் காரணங்களை நாம் இன்றும் சரிவர ஆராய்ந்தோமில்லை என்றே தோன்றுகிறது.

1498இல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டை அடைந்த பின் சில ஆண்டுகளிலேயே மிளகு வாணிபம் போர்ச்சுக்கீசியரின் பீரங்கிகளுக்குப் பணிய நேர்ந்தது. மூவர் இதனால் நேரடியாகப் பாதிக்கப்பட்டனர். கோழிக்கோட்டுச் சாமூதிரிக்குத் துறைமுக வருவாய் குறைந்தது. எகிப்தின் மம்லூக் சுல்தான் கான்சூ அல்-கூரிக்குச் செங்கடல் வழியாக வந்த சுங்கம் சுருங்கியது. குஜராத் சுல்தான் மஹ்மூத் பேகடாவின் குடிகளாகிய வணிகர்களின் கப்பல்கள் கடலில் பறிபோயின. சாமூதிரி இந்து மன்னர். ஏனைய இருவரும் முஸ்லிம் சுல்தான்கள். இவர்களை இணைத்தது சமயமன்று, கடல்வழி திறந்திருக்க வேண்டும் என்ற பொதுத் தேவையே என்பதை நாம் மனத்திற்கொள்ள வேண்டும்.

அமீர் ஹுசைன் அல்-குர்தியின் தலைமையில் சூயஸிலிருந்து புறப்பட்ட மம்லூக் கப்பற்படை, டையூவின் ஆளுநர் மாலிக் அயாஸின் படகுகளோடு சேர்ந்து 1508 மார்ச்சில் சவுல் துறைமுகத்தில் வென்றது. போர்ச்சுக்கீசிய அரசப் பிரதிநிதியின் மகன் லூரென்சோ த அல்மெய்தா அங்கே மாண்டார். ஆனால் 1509 பிப்ரவரி 3 அன்று டையூவில் நடந்த போரில், மகனை இழந்த பிரான்சிஸ்கோ த அல்மெய்தா கூட்டணிப் படையைச் சிதைத்தார்.

இடைப்பட்ட ஏறத்தாழ பதினொரு மாதங்களில் நடந்தது என்ன? சவுலில் பெற்ற வெற்றியைத் தொடர்வதற்கு மூவருக்கும் பொதுவான திட்டம் உருவாகவில்லை. மாலிக் அயாஸுக்கு இக்கட்டான நிலை: டையூ வாணிபத்தால் வாழும் நகரம்; வெல்பவர் எவராயினும் நாளை அவரோடு வாணிபம் செய்தாக வேண்டும். ஆகவே சவுலில் சிறைப்பட்ட போர்ச்சுக்கீசியரை நன்கு நடத்திக் காத்து வைத்திருந்தார். போர் முடிந்ததும் அவர்களை ஒப்படைத்துச் சமாதானம் பேசினார். போரன்று கூட்டணிக் கப்பல்கள் துறைமுகத்தினுள்ளேயே நங்கூரமிட்டு நின்றன. கோழிக்கோட்டுப் படகுகள் இலேசானவை. பெரும் பீரங்கிகளைத் தாங்கவல்லவை அல்ல. எதிரியின் பீரங்கி வலிமையை நாம் மறுக்கவில்லை. எனினும் பீரங்கி முழங்குமுன்பே நம்பிக்கை குலைந்திருந்தது.

1538ஆம் ஆண்டு இதே பாடத்தை இருமுறை புகட்டியது. இலங்கையில் சீதாவாக்கை மன்னர் மாயாதுன்னைக்கு உதவச் சென்ற சாமூதிரியின் கப்பற்படை, மரைக்காயர் தலைவர்களின் கீழ்க் குமரிமுனையைச் சுற்றி வந்து, இராமநாதபுரக் கரையில் மண்டபத்தை அடுத்த வேதாளையில் மார்ட்டிம் அபோன்சோ த சூசாவிடம் தோற்றது. உதவி வேண்டியவர் இலங்கையில். உதவச் சென்றவர் வேதாளையில் தனித்து நின்றனர். அதே ஆண்டு உஸ்மானியத் தளபதி ஹாதிம் சுலைமான் பாஷா பெரும் படையுடன் டையூ கோட்டையை முற்றுகையிட்டார். ஆனால் வழியில் ஏடனின் முஸ்லிம் ஆட்சியாளரையே கொன்று அந்நகரைக் கைப்பற்றிவிட்டு வந்திருந்தார். ஏடனுக்கு நேர்ந்தது நமக்கும் நேருமோ என்று குஜராத் பிரபுக்கள் அஞ்சினர், ஒத்துழைப்பைச் சுருக்கிக்கொண்டனர். நவம்பரில் பாஷா முற்றுகையை விட்டுத் திரும்பினார். இத்தோல்விக்கு அந்நியரின் சூழ்ச்சியை மட்டும் காரணங்காட்டுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது.

1570-71இல் பீஜப்பூரின் அலி ஆதில் ஷா கோவாவையும், அஹ்மத்நகரின் முர்தஸா நிஜாம் ஷா சவுலையும் முற்றுகையிட்டனர். சாமூதிரி சாலியம் கோட்டையைத் தாக்கினார். சாலியம் 1571இல் வீழ்ந்தது. கோவாவும் சவுலும் தப்பின; அவற்றுக்குக் கடல்வழி உதவி வந்துகொண்டேயிருந்தது. நிலத்தில் மூன்று முற்றுகைகள் நடந்தும் கடலை அடைக்க ஒன்றுபட்ட ஏற்பாடு இல்லை. துஹ்ஃபத்துல் முஜாஹிதீன் நூலை அலி ஆதில் ஷாவுக்குக் காணிக்கையாக்கிய ஷெய்கு ஸைனுத்தீன் மக்தூம், மலபார் முஸ்லிம்களின் துயரைச் சுல்தான்கள் பலர் கண்டுகொள்ளவில்லை என்று வருந்தியது காரணமின்றி அன்று.

இறுதிக் காட்சி இன்னும் கசப்பானது. சாமூதிரிகளின் கடற்காவலராய் விளங்கிய மரபில் வந்த நான்காம் குஞ்ஞாலி மரைக்காயருக்கு எதிராக, சாமூதிரியே போர்ச்சுக்கீசியரோடு கைகோத்தார். உயிருக்கு உறுதி பெற்று 1600இல் தம் மன்னரிடம் சரணடைந்த குஞ்ஞாலி, போர்ச்சுக்கீசியர் கைக்குப் போய்க் கோவாவில் கொலையுண்டார். நூறாண்டுக் கூட்டுறவு அன்று முடிந்தது. சாமூதிரியை மட்டும் நாம் குறைகூறவில்லை. குஞ்ஞாலியின் வளர்ந்துவந்த செருக்கும் மன்னரை அச்சுறுத்தியது.

அண்மைக்கால அனுபவம் ஒன்றை இதனோடு ஒப்பிடலாம். மலாக்கா நீரிணையில் கடற்கொள்ளை மிகுந்தபோது இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் 2004 ஜூலையில் ஒருங்கிணைந்த ரோந்தைத் தொடங்கின. ஒருவர் மற்றவரின் கடல் எல்லைக்குள் நுழையாமல், அவரவர் நீர்ப்பரப்பை அவரவர் காத்துச் செய்தியைப் பகிர்ந்துகொண்டனர். 2005இல் வான்வழிக் கண்காணிப்பு சேர்ந்தது; 2008இல் தாய்லாந்தும் இணைந்தது. போர் அபாயப் பகுதியென 2005இல் இலண்டன் காப்பீட்டுக் குழு பட்டியலிட்ட அந்நீரிணை, 2006 ஆகஸ்டில் அப்பட்டியலிலிருந்து நீங்கியது. ஐயத்தை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, அதற்கேற்ற வரம்புகளை முன்கூட்டியே வகுத்ததே அதன் சிறப்பு எனலாம்.

கூட்டுப் பயிற்சி என்பது வலிமையைக் காட்டும் அணிவகுப்பு மட்டுமன்று. பொதுச் சைகைமொழி, நடுக்கடலில் எரிபொருள் பரிமாற்றம், ஆபத்தில் மீட்பு ஆகியவற்றை அமைதிக் காலத்திலேயே பழகிக்கொள்வது அது. டையூவில் நின்ற கப்பல்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. மும்பையிலுள்ள கடற்படைத் தளமொன்று இன்று ‘ஐ.என்.எஸ். குஞ்ஞாலி’ என்று வழங்கப்படுகிறது. அப்பெயரைக் கேட்கும்போது வீரத்தை மட்டுமன்றி, காக்கப்படாத வாக்குறுதியையும் நாம் நினைவுகூர்வோமாக.